மாலை போட வந்த சாயிப்பு

என் மகள் மாரித்தாய் பெரியவளான அன்று மூணாறு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் கவலை. பெண் பெரியவளானால் அவள் தனியாக இருக்க ஓலைக் குச்சு கட்டவும், சேலை எடுத்து வரவும், சடங்கன்று கழுத்தில் மாலை போடவும் தாய்மாமன் வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. ஊரறிய எனக்கு ஒரு அப்பனே கிடையாது.

நான் பிறந்தது சண்டைக் காலத்தில். பர்மாவில் அடிபட்டும் காய்ச்சல் கண்டும் வந்த வெள்ளைப் பட்டாளத்துக்காரர்களை எங்கள் எஸ்டேட்டின் பெரிய பங்களாவில் இளைப்பாற விட்டிருந்தார்களாம். என் அம்மா சாந்தம்மாள் அங்கே கொஞ்ச நாள் வேலைக்குப் போனாள். அப்புறம் நான் வந்தேன், பூனைக் கண்ணும் செம்பட்டை முடியுமாக. அன்றிலிருந்து லயத்தில் அம்மாவுக்குப் பெயர் பங்களாக்காரி. சோப்புக்கும் பிஸ்கோத்துக்கும் ஆசைப்பட்டுப் போனவள் என்று குழாயடியில் என் காதுபடவே பேசுவார்கள். அம்மா ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். "இல்லேன்னாவது சொல்லேம்மா" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அவள் கொழுந்துக்கூடையை எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவாள்.

அண்ணன் முறைக்கு இருந்தவன் என் பெரியம்மா மகன் சங்கையா ஒருத்தன்தான். அவனுடைய அப்பா அந்தக் காலத்துக் கங்காணி. கீழே தமிழ்ச் சீமையிலிருந்து ஆள் சேர்த்து மலைக்குக் கொண்டுவந்தவர். தாய் தகப்பன் இல்லாத கொழுந்தியாள் என்று என் அம்மாவையும் கூட்டி வந்தவர். கங்காணி செத்து, கங்காணி வேலையே இல்லாமல் போயும் சங்கையாவின் மிதப்பு மட்டும் போகவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போதுகூட மற்றவர்களுக்கு ஒரு அடி முன்னால்தான் நிற்பான். மறுநாளே பெண்டாட்டியோடு என் வீட்டுக்கு வந்து சட்டமாக உட்கார்ந்தான்.

"நான் இருக்கேன்லா தாயி, கவலைய விடு. மாமன் செய்முறை அத்தனையும் நான் செஞ்சிருதேன். அதுக்கு மேல முறைன்னு ஒண்ணு இருக்கு. அதை நீங்க மறக்கப்படாது."

அவன் சொன்ன முறை எனக்குத் தெரியாததல்ல. மாலை போட்ட மாமன் வீட்டுக்குத்தான் பெண்ணின்மேல் முதல் உரிமை. சங்கையாவின் மகன் பிச்சைமணி ஃபாக்டரியிலிருந்து துரத்தப்பட்டவன். கள்ளுஷாப்பே கதி என்று கிடக்கிறவன். குடித்துவிட்டுப் பெற்ற தாயையே கை நீட்டி அடித்தவன். அவனுக்கு ஒருத்தரும் பெண் கொடுக்கவில்லை. என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவளை அவனுக்கென்று இப்போதே குறித்து வைக்கத்தான் சங்கையாவுக்கு இந்தத் திடீர்ப் பாசம்.

"வேற யார் இருக்கா வேலு? ஊரோட ஒத்துப் போவோம்" என்றார் என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி. நல்ல மனிதர். எதிர்த்துப் பேச மட்டும் வராது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் அன்று சோறு பொங்கவில்லை.

குச்சும் சங்கையாதான் கட்டினான். சடங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாடகை ஜீப் ஓட்டுகிற கபிரியேல் ஒரு வெள்ளைக்காரனைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குள் வந்தான். "சாயிப்பு வந்திருக்கான், வேலுத்தாய் வீட்டுக்கு சாயிப்பு வந்திருக்கான்" என்று மலையாளத்தில் வெள்ளைக்காரனைச் சொல்கிற பேரைச் சொல்லிப் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடி வந்தன. கதவுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது. வந்தவனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். என் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்ததால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கபிரியேல் துரை பங்களாவில் வளர்ந்தவன், இங்கிலீஷ் தெரியும். "பேரு டெனிஸாம்க்கா. பிள்ளைகுட்டி இல்லையாம். இவரோட அப்பா போன வருசம் செத்துப்போனாராம். சாகும்போது, மூணாறு மலையில எனக்கு ஒரு பெண்பிள்ளை இருக்குன்னு சொன்னாராம். உங்கம்மா மேல உசிரா இருந்தாராம். பட்டாளத்துல திடீர்னு கப்பலேத்திட்டாங்களாம். நீங்க பிறந்தது துரை எழுதின காயிதத்துலதான் தெரியுமாம். அவரால வரமுடியலையாம்."

உயிராக இருந்தாராம். அந்தச் சொல்லை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. சின்ன வயதிலிருந்து நானே எனக்குள் சொல்லிக்கொண்ட கதைதான் அது. அதை அவன் வாயிலிருந்து கேட்டதும் நெஞ்சு இளகியதே, அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"முப்பது வருசமா வராதவங்க இப்ப எதுக்கு வாரீக? போகச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து அம்மா வேலை முடிந்து வந்தாள். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அவள் தலையிலிருந்த கூடை கீழே விழுந்தது. அவன் கைகூப்பிக்கொண்டு ஏதோ சொல்லி முன்னால் வந்தான். அம்மா தரையில் காறித் துப்பினாள்.

"இவன் நிழல்கூட இந்த வாசல்ல விழப்படாது" என்று சொல்லிவிட்டு இரண்டு கதவு தள்ளியிருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று பக்கத்து வீட்டு அழகுத்தாய் அப்புறம் சொன்னாள். எனக்கு இல்லை.

மறுநாள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. ஒரே அப்பனுக்குப் பிறந்தவன். அப்படியென்றால் என் தம்பி. பெரியம்மா மகனைவிட எத்தனையோ மடங்கு தம்பி. அவன் மாலை போட்டால் சங்கையாவுக்கு என் வீட்டில் என்ன வேலை? இவனோ சடங்கு முடிந்ததும் கப்பலோ விமானமோ ஏறிப் போகப்போகிறவன். பெண் கேட்டு வர இவனுக்கு மகனும் இல்லை. எனக்கு இவன்மேல் பாசமெல்லாம் பொங்கிவிடவில்லை. ஒரே ஒரு காலை நேரத்துக்கு எனக்கு ஒரு தம்பி வேண்டியிருந்தது.

அன்று சாயந்தரமே டவுனில் அவன் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கபிரியேலோடு போனேன். விஷயத்தைச் சொன்னதும் டெனிஸ் அழுதுவிட்டான்.

"மன்னிச்சுட்டதா நினைச்சுர வேண்டாம்னு சொல்லு" என்றேன். "எனக்கு ஆள் வேணும். சேலை, மாலை, தட்டு எல்லாம் நானே வாங்கி வச்சிருக்கேன். இவன் தூக்கிட்டு வந்தாப் போதும்."

கபிரியேல் எவ்வளவு சொன்னானோ தெரியாது. டெனிஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

அம்மாவிடம் சொன்னபோது அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பினாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியாட்டி?"

"கேட்டா நீ பேசிருவியா? என்னைக்குப் பேசியிருக்க? பிச்சைமணிக்குக் குடுக்கச் சொல்லுதியா என் பிள்ளைய?"

"அதுக்காக அந்தப் பய பெத்த பயலை என் கண்ணு முன்னால கொண்டு வந்து நிறுத்துவியா?"

"ஆமா, நிறுத்துவேன். நீ பேசாம இருந்தே என்னைய வளர்த்த. நான் அப்படி என் பிள்ளைய வளர்க்க மாட்டேன்."

அம்மா என்னை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, சடங்குக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். சடங்கு நாள் வரை என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து முற்றத்தில் பந்தல் போட்டிருந்தோம். மாரித்தாய்க்குத் தண்ணீர் ஊற்றி மனையில் உட்கார வைத்திருந்தார்கள். கபிரியேல் கட்டிவிட்ட வேட்டி அவிழாமலிருக்க மேலே பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு டெனிஸ் வந்தான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மாமன் வெயில் பட்டா உருகிருவான் போல" என்றாள் அழகுத்தாய். அவன் பந்தலுக்குள் கால் வைக்கவும், மறுபக்கமிருந்து சங்கையா தன் ஆட்களோடு தன் மாலையை எடுத்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. பின்னால் பிச்சைமணி புதுச் சட்டையில் நின்றான்.

"இது என்ன கூத்து?" என்றான் சங்கையா. "முறை மாமன் நான் இருக்க, ரோட்டுல போறவன் மாலை போடுவானா?"

"ரோட்டுல போறவன் இல்லண்ணே. என் கூடப் பிறந்தவன்."

"யார் சொன்னா?" அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "இவ பூனைக்கண்ணி, இவன் வெள்ளைக்காரன். அது போதுமா? பங்களாவுக்கு எத்தனை பேர் வந்தான் போனான். இவங்கப்பன்தான் இவளுக்கும் அப்பன்னு யாருக்குத் தெரியும்? சித்தி இங்க வரட்டும். சபையில நின்னு வாயைத் திறந்து சொல்லட்டும். சொல்லிட்டா நான் மாலையக் கீழ வச்சிருதேன்."

அம்மா வரமாட்டாள், வந்தாலும் பேசமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். கருத்தப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். மனையில் இருந்த என் மகள் பிச்சைமணியைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"சொல்லுதேன்."

அம்மா பின்வரிசையில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து சங்கையாவின் எதிரே நின்றாள்.

"இவன் அப்பன்தான் வேலுக்கும் அப்பன். வேற எவனும் இல்ல. போதுமா? மிச்சத்தையும் கேட்டுக்கோ. எனக்கு அப்போ பதினெட்டு வயசு. உங்க வீட்லதான் இருந்தேன். காய்ச்சல்ல கிடக்கிற பட்டாளத்தானுக்குக் கஞ்சி கொண்டு போன்னு உங்கய்யாதான் சொன்னாரு. அந்த ஆளு பார்க்கிற பார்வை சரியில்ல, நான் மாட்டேன்னேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உள்ள விட்டாரு. கதவை வெளிய இருந்து சாத்துனதும் உங்கய்யாதான். நான் கத்துனது அவருக்குக் கேட்டுச்சு. திரும்பி வரையில அவர் தோள்ல ரெண்டு கம்பளி, கையில ஒரு தகரப்பெட்டி பிஸ்கோத்து. நீ சின்னப்பய. வாசல்ல உக்காந்து தின்னுட்டு இருந்த. எனக்கும் ஒண்ணு நீட்டுன."

சங்கையா ஒரு அடி பின்வாங்கினான், அம்மா விடவில்லை.

"எங்கக்கா அழுதா. வெளிய சொன்னா உங்கய்யா அவளை வெட்டிருவேன்னாரு. அவ சாகுற வரைக்கும் அவளுக்காகப் பேசாம இருந்தேன். அதுக்கப்புறம் பேசாம இருந்தே பழகிப்போச்சு. பிஸ்கோத்து தின்னது நானா நீயா, சொல்லு."

சங்கையா மாலையைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே திரும்பி நடந்தான். அவன் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். குழாயடியில் என் அம்மாவைப் பேசிய பெண்கள் யாரும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களை அத்தனை பேரையும் அடித்து விரட்ட வேண்டும்போல் எனக்கு இருந்தது. அவர்களோடு சேர்த்து என்னையும்.

டெனிஸ் கபிரியேலின் தோளைத் தொட்டு என்னவென்று கேட்டான். கபிரியேல் என்னைப் பார்த்தான்.

"சொல்லு" என்றாள் அம்மா. "ஒரு சொல் விடாம சொல்லு. உசிரா இருந்தானாம்."

கபிரியேல் மெதுவாகச் சொன்னான். கேட்கக் கேட்க டெனிஸின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. இல்லை, இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டான். தட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினான்.

"எங்க போறான்?" அம்மா தட்டிலிருந்த மாலையை எடுத்து அவன் கைகளுக்குள் திணித்தாள். "அழுறதை அவன் ஊருல போய் அழட்டும். என் பேத்திக்கு ஒரு ஆள் வேணும். போடச் சொல்லு."

அவன் மாலையைப் போட்டான். அது மாரித்தாயின் காதில் மாட்டிக்கொண்டது. நான்தான் எடுத்துச் சரி செய்தேன். யாரோ குலவை போட்டார்கள், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மாமனுக்குத்தான் பந்தியில் முதல் இலை. டெனிஸ் தனியாக உட்கார்ந்திருந்தான், பக்கத்து இலைகளில் ஒருத்தரும் உட்காரவில்லை. நான் பரிமாறினேன். கையால் சோற்றை அள்ளத் தெரியாமல் அள்ளி, அழுதுகொண்டே முழுவதும் தின்றான். எழுந்து கை கழுவியதும் கபிரியேலிடம் ஏதோ கேட்டான்.

"பிள்ளையோட கல்யாணத்துக்கு வரலாமான்னு கேக்காருக்கா. எத்தனை வருசம் ஆனாலும் வாரேன்னு சொல்லுதாரு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வேணும்னா வரச் சொல்லு" என்றாள், நிமிராமல். "அவன் என்ன செஞ்சான். ஆனா அந்த மூஞ்சியை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. நான் எங்கயாவது போய் இருந்துக்கிடுதேன்."

எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்றிலிருந்து வந்த ஒரே ஆள் அவன். அவன் வர வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்.

"வர வேண்டாம்னு சொல்லு" என்றேன் கபிரியேலிடம்.