பதினொரு நாள் முந்தி

நான் பொய் எழுதவில்லை. தாளில் 'பகல் பன்னிரண்டு மணி' என்று அச்சடித்திருந்ததை வெட்டாமல் விட்டேன், அவ்வளவுதான். ஐந்து வருடமாக இப்படிச் சொல்லித்தான் என் மனதைத் தட்டிக்கொடுத்து வந்தேன்.

கரைத்தீவில், களப்போரத்து உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் மரக் காட்டில் எனக்கு வேலை. ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கண்டல் கன்றின் மேல் கவிழ்த்து, கன்றும் சேறும் காற்றிலுள்ள காபனை எவ்வளவு உள்ளே இழுக்கின்றன, எவ்வளவை வெளியே விடுகின்றன என்று மீற்றரைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தடவை, சரியாக உச்சி வெயிலில். தோணி நூஹு நானாவுடையது. மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த குடும்பத்துப் பிள்ளை, எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆராய்ச்சி செய்கிறாளாம் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. எனக்கு அந்த வேலையில் பெருமை இருந்தது.

முதல் வருட நோன்பில் உச்சி வெயிலில் தலைசுற்றிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"தங்கச்சி, நீ மௌத்தாப் போனா இந்தக் கன்றுகளா வந்து ஜனாஸா தூக்கப் போகுது?" என்றார் நூஹு நானா. "காலம்பற எட்டு மணிக்கே முடிச்சிட்டுப் போவம்."

அந்த மாதம் முழுக்க எட்டு மணிக்குப் போனோம். அடுத்த நோன்புகளிலும் அப்படியே. தாளில் அச்சான பன்னிரண்டை மட்டும் நான் மாற்றவில்லை. மற்றப் பதினொரு மாதமும் பன்னிரண்டு மணி பிசகியதில்லை.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து நாலாம் நாள் ஷானிகா மிஸ் வந்தார். சிலாபத்துக்காரி, முஸ்லிம் இல்லை. பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியைச் செய்பவர் அவர்தான். நான் கொடுத்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டபடி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, குளிர் நாட்டுக் காடுகள்ல சூடு கூடக்கூட வசந்தம் முந்தி வருது. மரங்கள் முந்தித் துளிர்த்துக் காபனை இழுக்கும். பிறகு கோடைச் சூட்டில இழுத்ததையே திருப்பி விட்டிடும். எங்கட கண்டலுக்குப் பருவமே இல்லையெண்டு நினைச்சம். ஆனா பாருங்க, நல்லா இழுக்கிற மாசம் ஒண்டு இருக்கு. அது வருசா வருசம் பதினொரு நாள் முந்தி வருது!"

இரண்டு கிழமையில் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் இதைச் சொல்லப் போகிறாராம். கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. ஸக்கியா என்று ஆங்கிலத்தில்.

பதினொரு நாள். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. பிறை பார்த்து வரும் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தும். காலைக் குளிர்ச்சியில் கன்று நன்றாக இழுக்கும், உச்சி வெயிலில் சோர்ந்துவிடும். மிஸ் கண்டுபிடித்தது எங்கள் நோன்பை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் விமானம் ஏறும். ஆனால் அந்தச் சபையில் யாராவது ஒரு முஸ்லிம் எழுந்து, இது நோன்பு மாதமல்லவா என்று கேட்டால் மிஸ் என்ன சொல்வார்?

"மிஸ், அது சூடு இல்ல. நோன்பு" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு, தொலைபேசியில் ஐந்து வருட நோன்புத் திகதிகளைத் தேடி ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மத்த மாசங்கள்?"

"அல்லாஹ் மேல ஆணையா பன்னிரண்டு மணிக்குத்தான் மிஸ்."

"நோன்பு மாசத் தாள்லயும் பன்னிரண்டு எண்டுதானே அக்கா இருக்கு. நான் எதை வச்சு நம்புறது?"

கால் வெந்து நான் நின்ற அத்தனை உச்சி வெயிலுக்கும் சாட்சி நூஹு நானா ஒருவர்தான். எட்டு மணிக்குத் தோணியை எடுத்தவரும் அவரே.

மிஸ் கொண்டு வந்திருந்த ஐந்து வருடத் தாள்களையும் ஒன்றாக அடுக்கி, மேல் தாளில் குறுக்கே கோடு கிழித்தார். நோன்பு மாதத்தை வேறாக எடுத்து வைக்கவில்லை.