நான் தூக்காத பிள்ளை

ஒரு நாள் காலையில் கோட்டுப் போட்ட ஓர் ஆள் வாசலில் வந்து நின்று, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சேதி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“யாருங்க போயிட்டாங்க?” என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீங்க நடந்த நடையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் ஐயா” என்றார்.

அன்றைக்கு நான் மூலைக் கடைக்குப் போய் பிளேடு வாங்கி வந்ததோடு சரி. வேறு எங்கேயும் நடக்கவில்லை.

கோட்டுக்காரர் அழுதால் பின்னாலேயே ஏதாவது கையெழுத்துக் கேட்பார் என்பது என் அனுபவம். அதனால் கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசினேன். அவர் எதையும் கேட்கவில்லை. என் மகள் பேசிய ஏதோ கூட்டத்தில் இருந்தாராம். இந்தப் பக்கம் வந்தவர், அந்தக் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். யாருடைய கால்களை? என்னுடையதை. பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல வேளை, என் வீட்டுக்காரி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்.

மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. டாக்டருக்குப் படித்தாள். படித்து முடித்ததும் எங்கள் தெருவிலேயே போர்டு மாட்டி உட்காருவாள், தெரு முழுக்க என்னைப் பார்த்து எழுந்து நிற்கும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அவள் என்னடாவென்றால், சண்டை நடக்கிற நாட்டுக்குப் போய்க் கூடாரத்தில் உட்கார்ந்தாள். பிறகு தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, கழுதை மேல் ஏற்றி மலைக்கு அனுப்பினாள். பிறகு அப்படி அனுப்புகிறவர்களுக்கு அதிகாரி ஆனாள். அப்புறம் அந்த அதிகாரிகளுக்கு அதிகாரி. மேலே போகப் போக அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதே எனக்குப் பிடிபடாமல் போயிற்று.

“இப்பெல்லாம் நீ ஊசி போடறதில்லையா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இல்லப்பா.”

“மருந்து செய்யறியா?”

“இல்லப்பா.”

“பின்ன என்னதான் பண்றே?”

“மருந்து வச்சிருக்கவங்களையும் மருந்து இல்லாதவங்களையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கிறேன்.”

“உக்கார வச்சு?”

“யாரும் எந்திரிச்சுப் போயிடாம பாத்துக்கறேன்.”

இதற்குச் சம்பளம் வேறா என்றேன். சிரித்தாள். ஒரு நாட்டில் துப்பாக்கி வைத்த இரண்டு கூட்டத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்து முடிகிற வரைக்கும் சுடுவதில்லை என்று பேசி முடித்தாளாம். நான் நம்பவில்லை. ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று இவளும் இவள் அம்மாவும் சண்டை போட்டபோது, நடுவில் உட்கார்ந்த நான்தான் அடி வாங்கினேன். அப்புறம் போட்டோ வந்தது. நாற்காலி, இரண்டு பக்கமும் துப்பாக்கி, நடுவில் பாப்பா. பாதி நம்பினேன்.

கோட்டுக்காரர் போனதும் அவளுக்குப் போன் போட்டேன். “பாப்பா, நான் எங்கே நடந்தேன்?”

துப்பாக்கிக்காரனிடமே மடமடவென்று பேசியவள் என்னிடம் திக்கினாள்.

“அப்பா, அது ஒரு சின்ன மாத்தம்...” என்று ஆரம்பித்தாள்.

நடந்தது இதுதான். பாப்பாவுக்கு அஞ்சு வயதிருக்கும்போது தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சு விடமுடியாமல் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. இவள் அம்மா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ரயில் பாலம் ஏறி இறங்கி, அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தே கொண்டுபோய்ச் சேர்த்துக் காப்பாற்றினாள். அந்த நேரம் நான் பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். டிங்கர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன், கதவு பூட்டியிருந்தது, சோறு இல்லை என்று கத்தினேன். அந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான்.

ஆனால் பாப்பா மேடையில் சொல்லிவந்த கதையில், தூக்கிக்கொண்டு நடந்தது நான். செருப்புக்கூட இல்லாமல். ஆஸ்பத்திரிப் போர்டைப் படிக்கத் தெரியாமல்.

“ஏன் என்னைத் தற்குறின்னு சொன்னே?” என்றேன். “நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். செருப்பும் எப்பவும் உண்டு. பட்டறைல வெறுங்காலோட நடந்தா கால்ல இரும்புத் துண்டு ஏறும்னு அத்தனை பெரிய மனுஷங்கள்ல ஒருத்தனுக்குக் கூடவா தெரியலே?”

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா” என்றாள்.

சொல்லவில்லை. சொல்லிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் எங்கே போவது?

இது இப்படியே ஓடியிருக்கும். போன வருஷம் பாப்பா விமானத்தில் வந்து இறங்கினாள். ஏழை நாடுகளுக்குத் தடுப்பு மருந்து கொண்டுபோய்ச் சேர்க்கிற பெரிய அமைப்புக்குத் தலைவர் பதவி காலி. கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மிச்சம். இவள் ஒருத்தி, முன்னாள் மந்திரி ஒருத்தர். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு சின்னப் படம் காட்டி, பத்து நிமிஷம் பேச வேண்டும்.

“இந்தத் தடவை விட்டா வயசு தாண்டிடும்பா. அந்த நாற்காலி கிடைச்சா, மருந்து முதல்ல எந்தப் பிள்ளைக்குப் போகணும்னு நானே சொல்லலாம். இப்ப மாதிரி ஒவ்வொருத்தன் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்” என்றாள். “படத்துல நீங்க கொஞ்சம் நடந்தா போதும்.”

பொய்க்கு நடப்பதா என்று குதித்தேன். ஆனால் அந்த நாற்காலியில் அவள் உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசை அவளுக்கு இருந்ததைவிடக் கம்மி இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

வீட்டுக்காரியை அவள் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். “என்ன, திடீர்னு என் தங்கச்சி மேல அக்கறை?” என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

படம் எடுக்க ஒரு தொப்பிக்காரனும், வாயே திறக்காத ஒரு கேமராக்காரனும் வந்தார்கள். தொப்பிக்காரன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். “அப்பா, செருப்பைக் கழட்டிடுங்க.”

“மாட்டேன்.”

“கதைல செருப்பு இல்லையே.”

“என் கால்ல இருக்கே.”

பாப்பா நடுவில் புகுந்து, செருப்பு இருக்கட்டும், காலைக் காட்டாமல் எடுங்கள் என்று தீர்த்துவைத்தாள். இதைத்தான் ஊர் ஊராகப் போய்ச் செய்கிறாள் போலிருக்கிறது.

தூக்குவதற்குப் பிள்ளை வேண்டுமே? தொப்பிக்காரன் எங்கள் சமையலறையிலிருந்தே ஒரு மாவு மூட்டையை எடுத்து, அதற்கு ஒரு கவுனை மாட்டி, மேலே போர்வையைச் சுற்றி என் தோளில் சாத்தினான். முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் பிள்ளை மாதிரியே இருக்குமாம். மூட்டையில் எங்கேயோ ஓட்டை. நான் நடக்க நடக்க முதுகில் மாவு கொட்டியது.

“எந்தப் பக்கம் போனீங்கப்பா?” என்றான்.

எந்தப் பக்கமா? நான் போனால்தானே தெரியும். கடைத்தெருப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடி ஆஸ்பத்திரி இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் நான் கால் வைப்பதில்லை, ஆனால் அதன் வாசலைத் தாண்டிப் போவதுண்டு. இடது பக்கம் கையைக் காட்டினேன். பாப்பா உள்ளே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

நடந்தேன். தொப்பிக்காரன், “முகத்துல பயம் வேணும்பா, பயம்!” என்று பின்னாலிருந்து கத்தினான். முதுகைத்தானே எடுக்கிறாய், முகத்தில் எதற்குப் பயம் என்று திரும்பிக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் பயம் தானாகவே வந்துவிட்டது. தெரு முனையில் பையும் கையுமாக என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். தங்கச்சியோடு சண்டையாம். எப்போதும் சண்டை வர இரண்டு நாள் ஆகும், அன்றைக்கு அரை நாளிலேயே வந்துவிட்டது.

என்னைப் பார்த்தாள். என் தோளில் இருந்த கவுனைப் பார்த்தாள். தெரு நெடுகக் கோடாகக் கொட்டிக் கிடந்த வெள்ளையைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“மாவு” என்றேன். வேறு என்ன சொல்ல?

தொப்பிக்காரனுக்கு இவள் யாரென்று தெரியாது. ஓடிவந்தான். “அம்மா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. ஐயா தொண்டை அடைப்பான் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாரு.”

“இவரா?”

“ஆமாம்மா. பெரிய கதை. உலகம் பூரா தெரியும்.”

வீட்டுக்காரி பையைக் கீழே வைத்தாள். “எனக்குத் தெரியாதே” என்றாள். பிறகு சாவதானமாகக் கையை நீட்டினாள். “ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டி. இவரு பிள்ளையை மார்க்கெட்டுக்குல்ல தூக்கிட்டுப் போறாரு, விக்கிறதுக்கா?”

வீட்டுக்குள் விசாரணை நடந்தது. நான் மாவு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். பாப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தணித்து, “அம்மா, முதல்ல உங்க வருத்தத்தை நான் முழுசா ஒத்துக்கறேன்...” என்று ஆரம்பித்தாள்.

“துப்பாக்கிக்காரன்கிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசாதே. நேரா சொல்லு.”

பாப்பா நேராகச் சொன்னாள். “முதல் கூட்டத்துல உண்மையைத்தாம்மா சொன்னேன். எங்கம்மா தூக்கிட்டு நடந்தாங்கன்னு. ஒருத்தர் கூட நிமிந்து பாக்கலே. அம்மான்னா தூக்கத்தானே செய்வாங்கன்னு காபியைக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த ஊர்ல அப்பான்னு மாத்திச் சொன்னேன். ஒரு மந்திரி கண்ணாடியைக் கழட்டிட்டு அழுதாரு. அந்த ஒரு அழுகைல ரெண்டு மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு மருந்து வந்துச்சு. அப்புறம் எப்படி மாத்தறது?”

வீட்டுக்காரி எழுந்து வந்து என் மடியிலிருந்த கவுனின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, கத்தவில்லை.

“இப்ப உண்மையைச் சொன்னா?”

“இத்தனை வருஷம் பொய் சொன்னவன்னு எதிராளி பிடிச்சுக்குவாரு. நாற்காலி போயிடும்.”

“போக வேண்டாம்” என்றாள். “அப்பாதான் நடந்தாருன்னே இருக்கட்டும். ஆனா நடக்கட்டும். பாலம் ஏறி, இறங்கி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். நான் வழி காட்டறேன்.”

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் முன்னால் போனாள். நான் மூட்டையோடு பின்னால். ரயில் பாலத்தின் படிகள் செங்குத்தாக ஏறும். பாதி ஏறுவதற்குள் முட்டி பூட்டிக்கொண்டது, மூச்சு இரைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “ஏந்திரிங்க, பிள்ளைக்கு மூச்சு நின்னுடும்” என்றாள் மேல் படியிலிருந்து. சத்தியமாக எழ முடியவில்லை. “நான் எங்கடி தூக்கினேன், நீதானே தூக்கினே! என்னை விட்டுத் தொலை!” என்று பாலமே அதிரக் கத்தினேன்.

இறங்கி வந்தாள். மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் அதைக் கட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்திருந்தேன். இவள் ஒரு கையைக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் மூட்டையின் மேல்முனையைப் பிடித்து, சாயாமல் நிமிர்த்திக்கொண்டாள். தலை தொங்கினால் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துவிடும், அதற்காக. மாவுக்கு ஏது தலை? கை அதுபாட்டுக்குப் பிடித்தது. அப்படியே மீதிப் படிகளை ஏறிப் போனாள். யாரும் சொல்லாமலே கேமராக்காரன் அவள் பின்னால் போனான்.

பாப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தன் கழுத்துக்குப் பின்னால், அன்றைக்கு அம்மா பிடித்த இடத்துக்குப் போயிருந்தது. தொப்பிக்காரன் மெதுவாக, “மேடம், எதைப் போடறது?” என்றான்.

“இதை” என்றாள். “அப்பா கத்தினதையும் சேர்த்து.”

“எதிராளி பிடிச்சுக்குவாரே மேடம்.”

“பிடிக்கட்டும்.”

ஓட்டுப் போடுகிற நாளில் முதலில் எதிராளியின் படத்தைக் காட்டினார்களாம். அதிலும் ஓர் அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நடுவில் ஓர் ஆறு வேறு குறுக்கே வந்தது. சபையில் எல்லாரும் கர்ச்சீப்பை எடுத்தார்கள். அடுத்து எங்கள் படம். நான் மாவைக் கொட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். “என்னை விட்டுத் தொலை” என்றேன். சபை விழுந்து விழுந்து சிரித்ததாம். என் வீட்டுக்காரி மூட்டையை வாங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டதாம். பிறகு பாப்பா எழுந்து, இத்தனை வருஷம் ஏன் அப்பா என்று சொன்னேன் என்பதைச் சொல்லி, “அப்பா என்றதும் அழுதது நீங்கள்தான், நான் இல்லை” என்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நாற்காலி அவளுக்கு. வெட்கப்பட்டுப் போட்டார்களா, மாவுக்குப் போட்டார்களா, எனக்குத் தெரியாது. ஓட்டுப் போடுகிறவனை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

இப்போதும் வாசலுக்குக் கோட்டுக்காரர்கள் வருகிறார்கள். என்னைத் தாண்டி நேரே உள்ளே போகிறார்கள். என் வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்கிறாள். நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். முதலில் பாலம் மட்டும்தான் இருந்தது. அப்புறம் பாலத்தின் மேல் ஒரு நாய் துரத்தியது. போன வாரம் வந்த அம்மாளிடம் இடி மின்னலோடு மழையே கொட்டிவிட்டது. அந்த அம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அன்னிக்கு ஏதுடி மழை?” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏன், நீங்க கூட வந்தீங்களா?”