ஆள் முதலில், கூடை பிறகு

எங்கள் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த மாஸ்டர், ஜனங்கள் ரயிலேறும் முறையைத் திருத்தப் போகிறேன் என்று கிளம்பினார். நான் துறைமுகக் கூலி. தினமும் காலையில் அங்கிருந்துதான் வண்டியேறுவேன். அங்கே திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று. பிளாட்பாரம் தரையோடு தரையாகக் கிடந்தது, வண்டியோ இடுப்புக்கு மேலே நின்றது. அது அவர் கண்ணில் படவில்லை. மீன்காரிகள்தான் பட்டார்கள்.

அவர்கள் வழக்கம், கூடை முதலில். இரண்டு பேர் கீழே நின்று எல்லாருடைய கூடையையும் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஏறுவார்கள். மீன் தண்ணீர் சொட்டுகிறதாம், வாசலை அடைக்கிறதாம். "இனிமேல் ஆள் முதலில், கூடை பிறகு" என்று மாஸ்டர் உத்தரவு போட்டார். எல்லாரும் ஏறிவிட்டால் கூடையை யார் தூக்கிக் கொடுப்பது? இவர் மாமனாரா?

மறுநாளே மீன்காரி சொக்கம்மாளை அதட்டி முதலில் ஏற்றினார். கூடை கீழேயே நிற்க, வண்டி நகர்ந்துவிட்டது. அவள் பிழைப்பே அந்தக் கூடைதான். குதித்துவிட்டாள். கால் முறிந்து கிடந்தவளைப் பார்த்து மாஸ்டர் சொன்னார்: "ஓடும் வண்டியிலிருந்து குதிப்பது குற்றம், தெரியுமா?"

அடுத்த நாள் அவள் நாத்தனார் பச்சையம்மா இரண்டு கூடையோடு வந்தாள். ஒன்று சொக்கம்மாளுடையது. அது விற்றால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும்.

வண்டி வந்து நின்றது. "ஆளுதானே மொதல்ல? இந்தா நைனா, புடி" என்று பச்சையம்மா, சொக்கம்மாளுடைய கூடையை மாஸ்டர் கையில் திணித்துவிட்டு ஏறிக்கொண்டாள். மற்றவர்களும் அவர் காலடியில் கூடைகளை வைத்துவிட்டு ஏறினார்கள்.

"நான் எதற்கடி தூக்க வேண்டும்?" என்று கத்தினார். வெள்ளைக் கோட்டில் மீன் தண்ணீர் வழிந்தது.

"கீழே வேற யாரு கீறாங்க? வண்டி நகந்துச்சின்னா நாங்க அத்தினி பேரும் குதிப்போம். ஒருத்தி காலு போச்சே, அது பத்தாதா உனுக்கு?" என்றாள் பச்சையம்மா.

வாசல் முழுக்கப் பெண்கள் ஒரு காலை வெளியே நீட்டி நின்றார்கள். கார்டு விசிலை வாயில் வைத்தபடி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர், வேண்டாம் என்று தலையாட்டினார். முக்கி முனகி முதல் கூடையைத் தூக்கிக் கொடுத்தார். இன்னும் ஏழெட்டுக் கூடை இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "கொஞ்சம் இறங்கி ஒரு கை கொடப்பா" என்றார்.

"ஆளு ஏறிடிச்சி சார்" என்றேன்.