சால்ஹாவின் பங்கு

"வளையலைப் போட்டுப் பாரு. அளவு சரியில்லன்னா கடைக்காரன் மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

ஷாஹிர் சிவப்பு வெல்வெட் பெட்டியைத் தங்கையின் பக்கம் தள்ளினான். மதியச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. மன்ஸஃப் தாம்பாளத்தில் எலும்பும் சோறும் காய்ந்துகொண்டிருந்தன. அதை எடுத்துக் கழுவ வேண்டியவள் சால்ஹா. அவளோ கையைக் கட்டிக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அண்ணே இது?"

"எதுக்குன்னா? அண்ணன் தங்கச்சிக்கு வாங்கித் தரக் கூடாதா? நாளைக்குக் காலையில கிளம்பி இரு. ஷரியா கோர்ட்டு வரைக்கும் போயிட்டு வந்துடலாம். அரை மணி நேர வேலை."

இளையவன் நாயிஃப் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான். "வர்ற வழியில குனாஃபா நான் வாங்கித் தர்றேன் அக்கா."

எங்கள் ஊரில் அப்பா செத்து மூன்று மாதம் முடிந்தால் நடப்பது இதுதான். சட்டம் அதற்கு முன்னால் அனுமதிப்பதில்லை, இல்லாவிட்டால் கப்ருக்கு மண் தள்ளும்போதே நடத்திவிடுவார்கள். அண்ணன் தம்பிகள் சகோதரியைக் காரில் ஏற்றிக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவார்கள். "என் பங்கை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்" என்று அவள் சொல்ல வேண்டும். ஆணுக்குக் கிடைப்பதில் பாதி பெண்ணுக்கு என்று வேதமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த வசனத்தை எங்கள் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். அழகாக ஓதுவார்கள், புத்தகத்தை முத்தமிடுவார்கள், திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்கள். "யாராவது கட்டாயப்படுத்தினார்களா?" என்று நீதிபதி கேட்பார். அண்ணன் முதுகுக்குப் பின்னால் நிற்பான். அவள் "இல்லை" என்பாள். இறைவன் கொடுத்ததை அண்ணன் பிடுங்கிக்கொள்ள ஒரு வளையலும் ஒரு தட்டு இனிப்பும் போதும்.

"நான் வரல" என்றாள் சால்ஹா.

ஷாஹிரின் மனைவி அம்ஷா மோவாயில் கையை வைத்தாள். "நல்லாயிருக்கே! அண்ணன்கிட்ட மண்ணைப் பங்கு போட்டு வாங்கினவ, நாளைக்கு ஒரு கஷ்டம்னா எந்த முகத்தோட அண்ணன் வாசல்ல வந்து நிப்பா?"

"நான் இப்பவே அண்ணன் வாசல்லதான் மதினி நிக்கறேன். புருஷன் தள்ளி வெச்ச நாள்லேருந்து."

அது பொய்யில்லை. மகள் லுஜைனோடு அவள் இருந்தது அந்த வீட்டின் பின்னறையில். பாதி அறையில் அம்ஷாவின் அரிசி மூட்டைகள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. மூட்டை எடுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள் என்பதால் ஷாஹிர் அதை வைக்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் பெண் உடை மாற்ற வேண்டுமென்றால் தாய் கதவில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். ஊருக்கு வெளியே, விமானத்தளத்து வேலியை ஒட்டிக் கிடக்கும் அப்பாவின் நிலத்தில் தன் பங்கு வந்தால் இரண்டு அறை கட்டி, உள்ளேயிருந்து தாழ்போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். சால்ஹாவுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஷாஹிர் குரலைத் தணித்தான். "புரியாம பேசாத. இதுல என் பேராசை ஒண்ணும் இல்ல. விமானத்தளத்துல இருக்கற வெளிநாட்டுப் படைக்காரன் நம்ம நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான் அடுத்த குடியிருப்பைக் கட்டப் போறான். கட்டற கம்பெனிக்காரங்களுக்கு நிலத்துல பங்கு இருக்கக் கூடாதுங்கறது அவன் சட்டம். கம்பெனி உன் பேர்ல இருக்கு. அப்ப நிலம் உன் பேர்ல எப்படி இருக்க முடியும்?"

"உன் பேர்ல?"

"நான் கம்பெனி மேனேஜர், எனக்கும் கூடாது. நானும்தான் என் பங்கை நாயிஃபுக்கு எழுதித் தர்றேன்."

"உங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு பேச்சு இருக்குமே."

"அது இருக்கும்."

"எனக்கு?"

"உனக்குத்தான் வளையல் வாங்கியிருக்கே!" என்றான் நாயிஃப்.

கம்பெனி அவள் பெயருக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். தளத்தில் இருக்கும் படைவீரர்கள் குடும்பத்தோடு தங்குவதற்கு வீடுகள் கட்ட அந்த வெளிநாட்டு அரசாங்கம் டெண்டர் விட்டது. உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு முன்னுரிமை என்று அதில் ஒரு விதி. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். எங்கள் ஊர் ஆண்கள் அதைப் படித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் ஊர் முழுக்கப் பெண் முதலாளிகள் முளைத்தார்கள். காது கேட்காத ஒரு கிழவிக்கு நாலு லாரி சொந்தமாயிற்று. பிரசவத்துக்குப் படுத்திருந்த ஒருத்தி ஜல்லி ஆலைக்கு அதிபதியானாள். சால்ஹா கட்டட நிறுவனமும் அப்போது பிறந்ததுதான்.

முதலாளியம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். ஷாஹிர் காகிதத்தோடு வருவான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவன் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாவுக்குப் போவாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காயோ அவள் அண்ணன் வீட்டுக் கறிக்கு நன்றாகவே உதவியது. புதுக் கார் வந்தது, மாடி எழும்பியது. அவளுக்குச் சம்பளம் என்று ஒரு தீனார் வந்ததில்லை.

ஒருமுறை அவளைத் தளத்துக்குள் அழைத்துப்போய்ப் புதுவீடுகளின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கதவு, பின்கதவு. குழந்தைகள் அறைக்குத் தனிக் கதவு, அதற்கும் உள்ளே தாழ்ப்பாள். ஒரு குடும்பம் வந்து இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுமாம். இத்தனை கதவுக்கும் கையெழுத்துப் போட்டவள் நான்தானே என்று சால்ஹாவுக்கு வயிறு எரிந்தது. அன்று மாலை, "எனக்கும் சின்னதா ஒரு வீடு கட்டித் தாயேன் அண்ணே" என்று கேட்டாள். "தனியா வீடு எடுத்துப் போனா ஊரு என்ன பேசும்?" என்றான் அவன். ஊர் பேசும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாக் கதவுக்கும் பொருந்துகிற பூட்டு.

வளையல் வந்த மறுநாள் காலையில் அவள் கோர்ட்டுக்குக் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாளும் கிளம்பவில்லை. ஷாஹிர் கத்தினான், தட்டை எறிந்தான், லுஜைனின் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவேன் என்றான். அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் ஜாஹாவைக் கூட்டினான், அதாவது ஊர்ப் பெரியவர்களின் தூதுக் குழுவை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கார்கள் வரிசையாக வந்து நின்றன. பழுப்பு மேலங்கியும் சிவப்புக் கட்டம்போட்ட தலைத்துணியுமாக ஊர்ப் பெரியவர்கள் இறங்கி விருந்தறையை நிறைத்தார்கள். தலைமைக்கு ஷேக் மன்வர். ஜாஹா வந்தால் வீட்டுக்காரன் காப்பி ஊற்றி வைப்பான். வந்தவர்கள் அதைத் தொடாமல் தரையில் வைத்துவிட்டுத் தங்கள் கோரிக்கையைச் சொல்வார்கள். "நீங்கள் கேட்டது தரப்பட்டது, காப்பியைக் குடியுங்கள்" என்று வீட்டுக்காரன் சொன்னால்தான் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்துபோனால் அந்த வீட்டுக்குப் பல தலைமுறைக்கு இழுக்கு.

வேடிக்கை என்னவென்றால், கேட்பது சால்ஹாவின் நிலத்தை. கேட்பதோ அவளுடைய சித்தப்பா ஹாயிலிடம். அப்பா இல்லாததால் அவர்தான் அவளுக்குப் பொறுப்பாம். சால்ஹாவுக்குக் கிடைத்த வேலை, அடுப்படியில் ஏலக்காய் தட்டி அந்தக் காப்பியைக் காய்ச்சுவது.

"ஹாயில்" என்று ஆரம்பித்தார் ஷேக் மன்வர். கிண்ணம் அவர் முன்னால் தரையில் இருந்தது. "அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல ஷைத்தான் பூந்துட்டான். உன் வீட்டுப் பொண்ணு தன் பங்கை அண்ணன் தம்பிங்களுக்கு விட்டுக் கொடுக்கணும்னு கேட்டு வந்திருக்கோம். அது ஆகாம இந்தக் காப்பி எங்க தொண்டையில இறங்காது."

ஹாயில் நெஞ்சில் கைவைத்தார். "நீங்க படியேறி வந்ததே எங்க தலைக்கு மேல வெச்ச கிரீடம். நீங்க கேட்டது..."

"சித்தப்பா, இருங்க."

திரையை விலக்கிக்கொண்டு சால்ஹா உள்ளே வந்தாள். ஆண்கள் நிறைந்த அந்த அறைக்குள் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். ஷாஹிர் எழுந்தான். "உள்ள போடி!"

"காப்பி நான் போட்டது. குடிங்கன்னு சொல்ல வேண்டியதும் நான்தான்" என்றாள் அவள். பிறகு ஷேக்கின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க பொண்ணு கேட்டு ஜாஹா போவீங்க. கொலை விழுந்த வீட்டுக்குப் போயி, பழி வேண்டாம், மன்னிச்சிடுங்கன்னு கேப்பீங்க. எத்தனையோ உயிரை அப்படிக் காப்பாத்தியிருக்கீங்க, எங்க அப்பாவே சொல்லுவார். நான் யாரையும் கொல்லலியே ஐயா. என் பங்கை என்கிட்டேருந்து வாங்கறதுக்கா இத்தனை மேலங்கி?"

ஷேக் மன்வர் கெட்ட மனிதர் இல்லை. அவர் முகம் சுருங்கியது. "மகளே, வழக்கம்னு ஒண்ணு இருக்கு. ஜாஹாவை வெறுங்கையா அனுப்பினா எங்க முகம் என்ன ஆகும்?"

"உங்க முகத்துக்கு எவ்வளவு மரியாதை வேணும்னாலும் தர்றேன். மண்ணைத் தர முடியாது. அல்லாஹ் எனக்குக் குடுத்ததை வேண்டாம்னு சொல்ல நான் பெரிய ஆளா?"

மூலையில் ஒருவர் இருமினார். ஷேக் மன்வர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். அவர் பின்னால் எல்லோரும் எழுந்தார்கள். கார்கள் கிளம்பிப் போன பிறகும் கிண்ணம் தரையிலேயே இருந்தது.

ஷாஹிர் அடுப்படிக்கு வந்தான். முகம் சிவந்து கிடந்தது. "ஞாயித்துக்கிழமை தளத்துலேருந்து ஒப்பந்தம் பார்க்கற வெளிநாட்டு அம்மா வர்றா. முதலாளின்னு சொல்லி உக்கார வேண்டிய நாற்காலியில வந்து உக்காரு, சொல்லிக் குடுத்ததைச் சொல்லு. அன்னிக்குச் சாயங்காலமே உன் பொண்ணைக் கூட்டிக்கிட்டு என் வீட்டை விட்டுப் போயிடணும்."

விரட்டுவதற்குக்கூட ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொண்டானே, அந்த நிதானத்தைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்த அதிகாரி வந்தாள். ஹாலண்ட் என்று பெயர், நரைத்த தலை, சிரித்த முகம். மொழிபெயர்க்க அம்மானிலிருந்து தீனா என்ற பெண். கம்பெனி அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் சால்ஹா உட்கார்ந்திருந்தாள். ஷாஹிர் பணியாளன் மாதிரி பக்கத்தில் நின்றான்.

நிலப் பத்திரம் ஏன் இன்னும் வரவில்லை என்று ஹாலண்ட் கேட்டாள்.

ஷாஹிர் நெஞ்சில் கைவைத்தான். "நாங்க பெண்களை ரொம்ப மதிக்கிற ஜனங்கம்மா. அப்பா சொத்துல தங்கச்சிக்கும் பங்கு உண்டு. அவ மனசு நோகாம, அவ சம்மதத்தோட மாத்தணும். அதான் கொஞ்சம் தாமதம். ஒரு மாசம் டைம் குடுங்க."

தீனா மொழிபெயர்த்தாள். ஹாலண்டின் முகம் மலர்ந்துவிட்டது. இதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்றாள். ஒரு மாதம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு நாற்காலியைப் பார்த்து, "முதலாளி என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"தீனா, கண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு கேளு" என்றாள் சால்ஹா. "நிலத்துல பங்கு இருந்தா கம்பெனி வெச்சுக்கக் கூடாது. சரிதானே?"

"சரிதானாம்."

"ரெண்டுல எதை விடணும்னு அவங்க சட்டத்துல எழுதியிருக்கா?"

ஹாலண்ட் சிரித்தாள். தீனாவும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இல்லையாம். அது உங்க இஷ்டமாம்."

"அப்ப கம்பெனிய விட்டுடறேன். நிலத்தை வெச்சுக்கறேன். இந்த வேலைய என் கம்பெனி எடுத்துக்கல, என் பங்கு நிலமும் குத்தகைக்கு இல்லன்னு எழுதிக்கச் சொல்லு. எங்கே கையெழுத்துப் போடணும்?"

தீனா சிரிப்பை நிறுத்தினாள். ஒருமுறை ஷாஹிரைப் பார்த்தாள், பிறகு ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தாள். ஹாலண்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது பெரிய முடிவு, ஒப்பந்தமே ரத்தாகிவிடும் என்றாள். பிறகு ஷாஹிரிடம் திரும்பினாள்.

தீனா கேட்டாள்: "மேனேஜர் சார், கம்பெனி சம்பந்தமா இப்படி ஒரு முடிவை இவங்க தனியா எடுக்கலாமா, இல்ல இவங்களுக்கு மேல யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க, பதிவாகுதாம்."

இருக்கிறார்கள் என்று சொன்னால், இத்தனை வருடம் எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய் என்றாகிவிடும். வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், சிறைக்கும் போக வேண்டியிருக்கும். ஷாஹிர் தலைத்துணியின் நுனியால் நெற்றியைத் துடைத்தான். தங்கை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை; மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றான் ஷாஹிர். "அவங்கதான் முதலாளி."