நாலு கட்டிலுக்கு ஒருத்தி

விடியும் முன்பே முதுகு விட்டுப்போயிற்று. தீவிர சிகிச்சை வார்டில் நெட்டை சிஸ்டரும் ஆயாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொத்தனாரை ஒருக்களித்துத் திருப்பினார்கள். நீர் கோத்த உடம்பு, நனைந்த மூட்டையாய்க் கனத்தது.

இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் ஏறியிருந்தது. சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. ஒரு பக்கம் டயாலிசிஸ் இயந்திரம் அவருடைய ரத்தத்தைக் கழுவியது. மறுபக்கம் சின்ன பம்பு ஒன்று, ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்தை நரம்பில் செலுத்தியது. அது நின்றால் அவரும் நிற்பார்.

"ஆயுசு பூரா சுவருக்குத் தண்ணி ஊத்தினேன் சிஸ்டர். எனக்கு ஒரு மடக்கு தரமாட்டேங்கிறீங்களே" என்றார் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து.

"சுவரு தாங்கும். உங்க நெஞ்சு தாங்காதுண்ணே." பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள்.

முன்பெல்லாம் ஒரு நர்ஸுக்கு இரண்டு கட்டில். நிர்வாகம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபின் நான்கு.

வெளிச்சம் வரும் நேரத்தில் எதிர்க் கட்டில் பெரியவரின் நாடி நின்றது. டாக்டர் தொண்டையில் குழாய் இறக்க, அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கொத்தனாரின் பம்பு அலறியது. மருந்து தீர்ந்துவிட்டது. கையை எடுத்தால் இந்த உயிர் போகும். எடுக்காவிட்டால் அந்த உயிர்.

"யாராச்சும் வாங்களேன்!"

ஆயாதான் ஓடினாள். மருந்து மாற்ற அவளுக்குத் தெரியாது. அடுத்த அறையிலிருந்து தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெரியவர் பிழைத்தார்.

வெளியே கொத்தனாரின் மனைவி கேட்டாள்: "கடைசியில பக்கத்துல யாரும்மா இருந்தா?"

"ஆயா கையைப் பிடிச்சிட்டிருந்தாங்கக்கா."

"நீங்க?"

"எதிர்க் கட்டில்ல இருந்தேன்."

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன்பின் அந்த அலறல் அவளோடு வீடுவரை வந்தது. குக்கர் விசிலுக்குள் கேட்டது. பிள்ளையின் அழுகைக்குள் கேட்டது. தூக்கத்தில் எழுந்து சுவரில் பம்பைத் தேடித் தடவினாள். "என்னம்மா தேடுற?" என்று கணவன் கேட்டான். வார்டில் கொத்தனாரின் கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். அதே நோய், அதே வீங்கிய கால்கள். "அண்ணே" என்று கூப்பிட வாயெடுத்தவள், கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய சிஸ்டரும் கூடவே போனாள்.

"உன் கவனக்குறைவும்மா. ஒத்துக்கிட்டா வேலை மிஞ்சும்."

"எனக்கு ரெண்டு கைதான் சார்."

"மத்தவங்க சமாளிக்கலையா?"

"சமாளிக்கல சார்" என்றாள் பெரிய சிஸ்டர். "அந்த பம்பு அலறல் இன்னைக்கு இவ வீட்டுல கேக்குது. நாளைக்கு எங்க வீட்டுல கேக்கும்."

மறுநாள் காலை பகல் ஷிப்ட் வந்தது. இரவு ஷிப்ட் போகவில்லை. வேலையை நிறுத்தவில்லை, வீட்டுக்குத்தான் போகவில்லை. ஒவ்வொருத்திக்கும் இரண்டே கட்டில். டயாலிசிஸ் பார்க்கும் ஊழியர்கள், ஆயாக்கள் எல்லாரும் கூடவே நின்றார்கள்.

மேலாளர் விரைந்து வந்தார். "என்ன கூத்து இது? ஷிப்ட் முடிஞ்சா கிளம்புங்க!"

"வேலையை விட்டு நிறுத்தின ஆளுங்களைத் திரும்ப எடுங்க சார். கிளம்புறோம்" என்றாள் நெட்டை சிஸ்டர். அவள் கை நோயாளியின் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தனை பேரையும் தூக்கிடுவேன்! வாட்ச்மேன், இவங்களை வெளிய அனுப்பு!"

வாட்ச்மேன் உள்ளே வந்தார். கட்டில்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். பிறகு மேலாளருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சீரியஸா இருக்கிறவங்க வார்டு சார். சத்தம் போடக்கூடாது."