மலைப் பக்கத்து ஜன்னல்

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலையை விடணுமா, வேணாமா?" என்று கேட்ட உடனே செழியன் போனை வைத்துவிடுவார். ஒருமுறை நடந்திருந்தால் சிக்னல் கோளாறு என்று விட்டுவிடலாம். சினிமா, சாப்பாடு, அவருடைய ஷிப்ட் என்று அரைமணி நேரம் தடையில்லாமல் ஓடுகிற பேச்சு, சரியாக அந்தக் கேள்வியில் மட்டும் ஒவ்வொரு முறையும் அறுந்தால் அதற்கு என்ன பெயர்? பயந்தாங்கொள்ளித்தனம் என்று நான் பெயர் வைத்தேன்.

அது 2006. நிச்சயம் முடிந்த கையோடு எனக்குக் கீழ்பென்னாத்தூர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக அரசு வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. விழுந்து விழுந்து படித்து வாங்கிய வேலை. செழியனுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் உத்தியோகம். நிச்சயத்தன்று அவருடைய அம்மா, "பொண்ணு ஓசூருக்கு வந்து வூட்டைப் பார்த்துக்கினா போதும்" என்று சொன்னபோது, பிள்ளையாண்டான் வாயைத் திறக்காமல் இலையில் இருந்த கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேசரி மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அவர் வாயிலிருந்து ஒரு பதில் வர வேண்டும். அதுவும் தை பிறப்பதற்குள் வர வேண்டும், தையில்தான் முகூர்த்தம். எஸ்.எம்.எஸ். அனுப்பிக் கேட்கலாமே என்று என் தோழி சொன்னாள். வாழ்க்கை விஷயத்தை இத்துனூண்டு திரையில் தட்டிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டாமா?

லேண்ட்லைன் ஒன்றும் வீட்டில் இருந்தது. ஆனால் அது கூடத்தில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அதில் ஹலோ என்றால் அப்பா எழுந்து உட்கார்ந்துகொள்வார். அதனால் என் அறையில் இருந்து செல்போனில்தான் பேச வேண்டும். அதில்தான் சிக்கல். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். டவர்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், டவுனில். நடுவில் அண்ணாமலையார் அத்தனை பெரிய மலையாக உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது அரைக்கோடு சிக்னல்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் வளவன்தான் தங்கை கஷ்டப்படுகிறாளே என்று ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கிவந்து மாட்டினான். வெளியே ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு ஆன்டெனா, நடுவில் ஒரு பெட்டி. வெளி ஆன்டெனா டவரின் சிக்னலைப் பிடித்துத் தரும், பெட்டி அதைப் பெரிசு பண்ணும், உள் ஆன்டெனா அதை அறையில் பரப்பும். பெட்டியோடு வந்த கேபிள் ரொம்பக் குட்டை. மொட்டை மாடி வரை எட்டவில்லை. அதனால் என் அறை ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடிலேயே வெளி ஆன்டெனாவை முறுக்கிவிட்டுப் போய்விட்டான்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையைப் பார்த்த ஜன்னல், இரும்புத் தகடு அடித்த கதவு. திறந்துவைத்தால் குரங்குகள் கம்பி வழியாகக் கையை விட்டுச் சீப்பு, பவுடர் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் எப்போதும் சாத்தியே இருக்கும். மலையைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் திறப்போம். எங்கள் ஊரில் மலையைப் பார்க்கும் வேலை அடிக்கடி வரும். அப்பா மாடு விற்கும்போது அதன் பல்லைப் பற்றிச் சொல்வதானாலும் மலைப் பக்கம் திரும்பித்தான் சொல்வார். சின்ன வயதில் சர்க்கரை டப்பா காலியானால் அம்மா எங்களை வரிசையாக நிறுத்தி, "மலையைப் பார்த்துச் சொல்லு, யாரு தின்னது?" என்பாள். மலையைப் பார்த்துப் பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது. வளவனுக்கே வராது.

பெட்டி மாட்டிய பிறகு பேச்சு நன்றாகத்தான் இருந்தது. முக்கியமான கேள்வி வரும்போது மட்டும் பட்டென்று போகும். பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். அதற்கப்புறம் யார் என்னைக் கூப்பிட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொல்லும். அவர் பட்டென்று வைப்பதில்தான் பெட்டி குழம்பிப்போகிறது என்று நினைத்து, பிளக்கைப் பிடுங்கி மாட்டிச் சரியாக்கிவிடுவேன். ஆனால் நான் ஏன் திரும்பக் கூப்பிட வேண்டும்? வைத்தவர் கூப்பிடட்டும். அவரும் கூப்பிட மாட்டார். மறுநாள் மாலை ஒன்றும் நடக்காத மாதிரி, "சாப்டீங்களா?" என்பார். நானும் வீம்புக்கு, "சாப்டேன்" என்பேன்.

கடைசியாகக் கட் ஆனது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். ஒரு பதில் சொல்லத் துணிச்சல் இல்லாத மனிதரோடு நான் எப்படிக் காலம் தள்ளுவது? ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லி நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். அழுகை வந்தது. ஆளை எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் கஷ்டம்.

ஞாயிறு சாயங்காலம் அப்பாவிடம், "அப்பா, செழியனைப் பத்தி ஒன்னு பேசணும்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் லேண்ட்லைன் அடித்தது. வளவன். பெட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

"இன்னா பெட்டிடா வாங்கியாந்த? உன் தங்கச்சி பேசும்போதெல்லாம் கட் ஆவுது. அவ மூஞ்சைப் பார்க்க முடியல" என்று அப்பா கத்தினார்.

கட் ஆவது பெட்டியால் இல்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் வளவன் பரிசோதனையை ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. அவன் ஒரு காதில் ஹாஸ்டல் போனை வைத்துக்கொண்டு அப்பாவோடு பேசுவானாம், நான் என் அறையில் இருந்து அவனுடைய செல்லுக்குக் கூப்பிட்டு இன்னொரு காதில் பேச வேண்டுமாம். அவன் சொல்வதை அப்பா கூடத்தில் இருந்து கத்துவார், நான் செய்ய வேண்டும்.

"கேபிள் மரை டைட்டா இருக்குதானு பாக்கச் சொல்றான்!"

"டைட்டாதான் இருக்கு!"

"பிளக்கைப் புடுங்கிட்டு மாட்டச் சொல்றான்!"

"மாட்டிட்டேன்!"

"வெளிய இருக்கறதை வவ்வால் கிவ்வால் புடிச்சிக்கினு தொங்குதானு கேக்கறான்!"

"இதை அவன் கேக்கல, நீங்க கேக்கறீங்க!"

பச்சை விளக்கு. வளவனுக்குக் கூப்பிட்டேன். குரல் கணீரென்று கேட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் ஹாஸ்டல் சாப்பாட்டில் ஆரம்பித்து அவனுடைய மேனேஜர் குறட்டை வரைக்கும் கேட்டு முடித்தேன். கட் ஆகவே இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"பெட்டி நல்லாதான் இருக்குது மதி. கோளாறு அந்தப் பக்கம்தான் போல" என்றான்.

இதைத்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனாலும் இன்னொருவர் சொல்லிக் கேட்டபோது தாங்க முடியவில்லை.

அப்போது என் அம்மா திரௌபதி கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மலைக்குக் கற்பூரம் காட்டாமல் அவளுக்கு நாள் முடியாது. நான் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "நீ பேசு, நீ பேசு" என்று கையால் சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். மலை முழுசாகத் தெரிந்தது. அவள் தட்டைச் சுற்றி முடிப்பதற்குள் வளவனின் குரல் அறுந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு.

கூடத்தில் இருந்து அப்பா, "இன்னா பண்ணீங்கனு கேக்கறான்!" என்று கத்தினார்.

"நான் ஒன்னும் பண்ணலபா! மலைக்குக் கற்பூரம் காட்டினேன்!" என்று அம்மா பதறிப்போய்க் கத்தினாள்.

ஜன்னலைச் சாத்தினோம், பிளக்கைப் பிடுங்கி மாட்டினோம், கூப்பிட்டோம். பேச முடிந்தது. ஜன்னலைத் திறந்தோம். அறுந்தது. மறுபடி சாத்தினோம், பேச முடிந்தது. மறுபடி திறந்தோம், சிவப்பு. அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் சாமி கும்புடறதாலதான் கட் ஆவுதா?" என்றாள்.

நான் ஓடிப்போய் லேண்ட்லைனை வாங்கிக்கொண்டேன். வளவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"திருவிழால மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்ட கொண்டுபோனா கூன்னு ஊளை வுடும் பாத்திருக்கியா? அதேதான். வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ரொம்பக் கிட்ட இருக்குது. நடுவுல அந்த இரும்புக் கதவு இருக்கறதால இவ்ளோ நாள் தப்பிச்சிருக்கு. கதவைத் திறந்தா, பெட்டி பேசறதைப் பெட்டியே கேட்டு ஊளை வுட ஆரம்பிச்சிடும். கொஞ்ச நேரத்துல தன்னைத் தானே அணைச்சிக்கும். தப்பு என்னுதுதான், கேபிள் நீளமா வாங்கியிருக்கணும். வர்ற வாரம் வந்து மாடிக்கு ஏத்திடறேன். அதுவரைக்கும் ஜன்னலைத் திறக்காம பேசு."

ரிசீவரை அப்பா கையில் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தேன். சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன். அதன் கொக்கியில் என் விரல் பட்டுப் பட்டுத் துரு தேய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சினிமாவும் சாப்பாடும் பேசும்போது நான் கட்டிலில் கிடப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டதும் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பேன். மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டால்தான் எனக்குக் கேட்கத் தைரியம் வரும். நான் கேட்டு முடிப்பேன், பெட்டி அணையும்.

அவர் ஒருமுறைகூடப் போனை வைத்ததில்லை.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்கலாம் போலவும் இருந்தது. கூடத்தில் இருந்து அப்பா, "செழியனைப் பத்தி இன்னாவோ பேசணும்னியே?" என்றார். "ஒன்னும் இல்லப்பா!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். பச்சை விளக்கு வரக் காத்திருந்து கூப்பிட்டேன்.

"சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம். நான் வேலையை விடணுமா, வேணாமா?" மலையும் இல்லை, ஒன்றும் இல்லை. எதிரே வெறும் இரும்புத் தகடு.

பெட்டியைப் பார்த்தேன். பச்சைதான்.

"எத்தனை தடவைங்க சொல்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்பாக இருந்தது. "ஒவ்வொரு தடவையும் சொல்றேன், சொல்லி முடிச்சா நீங்க வெச்சிட்டிருக்கீங்க."

"என்ன சொன்னீங்க?"

"வேலையை வுட வேணாம்னுதான். எங்க கம்பெனிக்கு ராணிப்பேட்டையில ஒரு பிளான்ட் இருக்குது, மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா ஒரு வருஷம் ஆவும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் நீங்க அங்க, நான் இங்க. சனி ஞாயிறு வருவேன். ஒரு வருஷம் தனியா இருக்கணும்னு சொன்னதும் உங்களுக்குக் கோவம் வந்து கட் பண்றீங்கனு நினைச்சேன். அதான் மறுநாள் அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல."

"உங்க அம்மா?"

"பேசிட்டேன். ஒரு வாரம் முறைச்சாங்க. இப்ப, மருமவ டீச்சர்னு பக்கத்து வூட்ல பெருமையா சொல்லிக்கினு இருக்காங்க."

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஜன்னல், இரும்புக் கதவு, கற்பூரம், ஊளை எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்ப இருந்ததையும் சொன்னேன். அவர் பதறிப்போனார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

"நான் சொன்னதை நம்பறீங்களா?" என்று கடைசியில் கேட்டார். "மலையைப் பார்த்துச் சொன்னாதான் உங்க ஊர்ல நம்புவாங்கனு சொல்றீங்களே. எனக்கு ஓசூர்ல பஸ் ஸ்டாண்டுதான் தெரியுது."

"அப்ப நேர்ல வந்து சொல்லுங்க" என்றேன்.

வளவன் நீளமான கேபிளோடு வருவதற்கு முன்பே செழியன் வந்துவிட்டார். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, செங்கம் வழியாக, சட்டையெல்லாம் கசங்கி. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. அப்பா முதலில் முறைத்தார். பெட்டியைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நான் சொன்னதும், தானே முன்னால் நடந்து போய் அறையைக் காட்டினார். அம்மா காபி கலக்கப் போனாள்.

செழியன் பெட்டியைப் பார்த்தார், உள் ஆன்டெனாவைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலுக்குப் போய்க் கொக்கியை எடுத்துக் கதவைத் தள்ளினார். மலை தெரிந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவர், ஏதோ கோயிலுக்குள் நிற்பதுபோல் நேராக நின்றுகொண்டார்.

"நீங்க வேலையை வுட வேணாம்" என்றார் மலையைப் பார்த்து.

நடுவில் நின்றிருந்த அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஐயோ, சிவப்பு எரியுது மாப்ள, ஜன்னலைச் சாத்துங்க!" என்றார்.

"எரியட்டும்பா" என்றேன்.