மைனஸ் ஆயிரம்

கெர்னல் என்றால் கம்ப்யூட்டருக்குள் குந்தியிருக்கும் மேஸ்திரி என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரிப்பது அதன் வேலை. ஆசைப்பட்டு ஒன்றும் அவள் அதைப் படிக்கவில்லை. அவள் கம்ப்யூட்டர் பார்க்கும் அதே பாக்டரியில், தகடு வெட்டும் பிரஸ்ஸில், அண்ணனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. கை உள்ளே இருந்தால் அலற வேண்டிய அலாரம் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. "இவனே அணைச்சிருப்பான்" என்றார் மேனேஜர். அந்தப் பேச்சே நிலைத்துவிட்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும்.

மெமரி தீர்ந்துபோனால் கெர்னல் ஏதாவதொரு புரோகிராமைக் கொல்லும், பாதியிலேயே நிறுத்திவிடும். அதிகம் தின்றவன் கழுத்தில்தான் கத்தி. படித்தபோது அவளுக்குப் பிடித்தே போனது. பரவாயில்லையே, வெளியே இல்லாத நியாயம் உள்ளேயாவது இருக்கிறதே!

ஆனால் பிரஸ்ஸின் அலாரம் ஓடிய கம்ப்யூட்டரில் வயிறு முட்டத் தின்றது, கக்கூஸ் போனவன் எப்போது திரும்புகிறான் என்று வேவு பார்க்கும் கேமரா புரோகிராம். அதற்கு யாரோ மைனஸ் ஆயிரம் போட்டு வைத்திருந்தார்கள். அந்த எண் இருந்தால் கெர்னல் அதன்மேல் கை வைக்காது. அடுத்தபடியாக அதிகம் தின்ற அலாரம் புரோகிராமை அறுத்துப் போடும்.

மேனேஜரையும் கட்டுப்போட்ட கையோடு அண்ணனையும் கூப்பிட்டு, பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, கேமராவை மட்டும் தின்னவிட்டுக் காட்டினாள். மெமரி நிரம்பியது. அலாரம் செத்தது.

"இந்த நம்பரை யார் சார் போடச் சொன்னது?"

"நான்தான். கேமரா சும்மா சும்மா நின்னுச்சு" என்றார் அவர், காதைக் குடைந்தபடி.

"அப்ப நான் அணைக்கலைல்ல சார்?" என்றான் அண்ணன்.

"சரிப்பா, நீ அணைக்கலை. கெர்னல்தான் அணைச்சிருக்கு. அப்படியே எழுதிடுவோம். அதுமேல எவன் கேஸ் போடப்போறான்?"

"ரொம்ப நன்றி சார்." அண்ணன் கும்பிட்டான். கட்டுத் துணி இன்னொரு கையோடு சரியாகச் சேரவில்லை.

"கையை இறக்குண்ணே!"

ஆத்திரமாக வந்தது. மேனேஜரைப் பார்த்தா, அண்ணனைப் பார்த்தா என்று அவளுக்கே தெரியவில்லை. மைனஸ் ஆயிரத்தைக் கேமராவிடமிருந்து பிடுங்கி அலாரத்துக்குக் கொடுத்தாள்.

"ஏய், யாரைக் கேட்டு மாத்துறே?"

"விடும்மா, சார்தான் ஒத்துக்கிட்டாரே" என்று அண்ணன் நல்ல கையால் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

அவள் திரும்பவில்லை. மறுபடி மெமரி நிரம்பியது. திரையில் கேமரா செத்து விழுந்தது.